குட்டி யானையில் ஏறும் மரங்கள்

"மரத்தை மண்ணை விட்டுத் தூக்கி மாடியில வச்சா அதுக்கும் பாவம், உனக்கும் தண்டச் செலவு."

என் மாமா இதைச் சொல்லிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. கோபமாகச் சொல்லவில்லை, கிண்டலாகவும் சொல்லவில்லை. நத்தம் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர், இன்றைக்குக் காய் என்ன விலை என்று சொல்லும் அதே குரலில் சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார். வேறு யாராவது சொல்லியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். செடியைத் தொட்டுப் பார்க்காதவர்கள் மாடித் தோட்டத்தைப் பற்றிச் சொல்வதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டால் ஒரு கீரை கூட விதைக்க முடியாது. ஆனால் மாமா அப்படிப்பட்டவர் இல்லை. ஒரு மரத்தின் அடியில் நின்று நிமிர்ந்து பார்த்தே அதற்கு என்ன குறை என்று சொல்லிவிடுவார். அதனால்தான் அந்த வாக்கியம் உள்ளே உட்கார்ந்துகொண்டது. தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் எதிர்வாதம் யோசிப்பேன், பாதியில் அவர் பக்கமே சாய்ந்துவிடுவேன்.

என் நிலைமை எளிமையானது. சென்னையில் வாடகைக்குக் குடியிருக்கிறேன். ஒட்டு மாங்கன்று நட்டு ஒழுங்காகக் காய் பார்க்க மூன்று, நான்கு வருடம் ஆகும். வாடகை ஒப்பந்தம் 11 மாதம். இந்தக் கணக்கு எந்தக் காலத்திலும் ஒத்துவராது. அப்படியானால் எனக்கு முன்னால் மூன்று வழிகள்தான். பழமரமே வேண்டாம் என்று கத்தரி, வெண்டையோடு நிறுத்திக்கொள்ளலாம். மண்ணில் நட்டு, பின்னால் வருபவர் சாப்பிடட்டும் என்று புண்ணியம் தேடலாம். இல்லையென்றால் முதல் நாளிலிருந்தே கூடவே கிளம்பத் தயாரான மரமாக வளர்க்கலாம். முதல் வழியில் மனம் நிற்கவில்லை. இரண்டாவது வழி சென்னையில் பெரும்பாலும் புண்ணியமாக முடிவதில்லை. பின்னால் வருவது இன்னொரு குடித்தனம் இல்லை, ஜேசிபி.

மரம் யாருடையது

ஜேசிபி பேச்சு சும்மா வரவில்லை. முன்பு இருந்த வீடு தனி வீடு, பின்னால் கொஞ்சம் மண். அங்கே லக்னோ 49 ரகக் கொய்யா ஒன்று நட்டிருந்தேன். பெயரில்தான் லக்னோ, அங்கிருந்து வந்த விதைகளில் தேர்ந்தெடுத்து உருவாக்கியது பூனாவில். நல்ல வெள்ளைச் சதை, விதை கொஞ்சம் மென்மை, தொந்தரவு இல்லாத ரகம். அது இடுப்பைத் தாண்டி வளர்ந்து முதல் பிஞ்சு விட்ட சமயத்தில், வீட்டை பில்டருக்குக் கொடுக்கப் போவதாக ஹவுஸ் ஓனர் அம்மா சொன்னார். நான் கொய்யாவை எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டதும் அவர் முகம் மாறியது. "தொட்டியில இருக்கிறதை எடுத்துக்கங்க தம்பி. மண்ணுல வச்சது வீட்டோட சேர்ந்ததுதானே?"

இடிக்கப்போகிற வீட்டோடு சேர்ந்தது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறதா என்ற சந்தேகம் வந்து, வழக்கறிஞரான நண்பர் ஒருவரிடம் போனில் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தை எடுத்தார். அதன் 3ஆம் பிரிவு, நிலத்தோடு பிணைந்தவை எவை என்று சொல்லும்போது வேரூன்றிய மரம் செடிகளைத்தான் முதலில் சொல்கிறது. ஆக, அந்த அம்மா சொன்னது வெறும் வீம்பு இல்லை. ஆனால் 108ஆம் பிரிவு குத்தகைதாரருக்கும் ஒரு கதவு திறந்து வைத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிராவிட்டால், தான் நிலத்தோடு பிணைத்தவற்றை அவர் எடுத்துக்கொள்ளலாம். இடம் அவர் கையில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும், காலி செய்த பிறகு வந்து கேட்க முடியாது. இடத்தைப் பெற்றுக்கொண்ட நிலையிலேயே திருப்பிக் கொடுக்கவும் வேண்டும்.

பிரிவு எண்ணையெல்லாம் அவரிடம் கொண்டுபோய்க் காட்டவில்லை. பல வருடம் முகம் பார்த்துப் பழகியவரிடம் சட்டம் பேசினால் அட்வான்ஸ் தொகையைத் திரும்ப வாங்கும் நாளில் அது வேறு வடிவத்தில் வரும். மறுபடியும் ஒருமுறை தன்மையாகக் கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "சரி, எடுத்துக்கங்க. குழியை மூடிட்டுப் போங்க" என்றார். 1882இல் எழுதிய நிபந்தனையை அந்த அம்மா ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

தாய்மண்ணோடு

பெயர்த்து எடுக்கும் வேலைக்கு மாமாதான் போனில் குரு. "மாடியில வைக்கத்தானே எடுக்கிற?" என்று ஒரு இடி இடித்துவிட்டுத்தான் ஆரம்பித்தார். தண்டு எவ்வளவு தடிமன் என்று கேட்டார். கட்டைவிரலை விடக் கொஞ்சம் அதிகம் என்றேன். ஒரு அங்குலத் தண்டுக்கு ஒரு அடி அகலத்துக்காவது மண் உருண்டை வேண்டும் என்றார். நர்சரித் தொழிலில் உலகம் முழுக்கப் புழங்குவதும் ஏறக்குறைய இதே கணக்குதான் என்று பிறகு படித்தேன். ஆனால் அவர் சொன்னதில் முக்கியமானது அளவு இல்லை. "இன்னைக்கே தோண்டாத. இன்னைக்குப் பாதி வட்டம் மட்டும் வெட்டி விடு."

இதன் காரணம் புரிந்துவிட்டால் மரம் நகர்த்தும் வேலையில் முக்கால்வாசி புரிந்த மாதிரி. தண்ணீரைக் குடிப்பது தூரை ஒட்டிய தடித்த வேர்கள் இல்லை, நுனியில் இருக்கும் சல்லிவேர்கள். அவை தூரிலிருந்து தள்ளி, பெரும்பாலும் கிளைகளின் வீச்சையும் தாண்டி இருக்கும். ஒரே நாளில் சுற்றித் தோண்டித் தூக்கினால், நம் கையில் வருவது பிடிமான வேர்கள் மட்டும். வாய் அங்கேயே மண்ணுக்குள் தங்கிவிடும். அதற்குப் பதில் கொஞ்ச நாள் முன்னதாகவே பாதி வட்டம், அப்புறம் இடைவெளி விட்டு மீதி வட்டம் என்று அரிவாள்முனை ஆழத்துக்கு வெட்டி விட்டால், வெட்டுப்பட்ட இடத்துக்கு உள்பக்கமாகவே புதுச் சல்லிவேர்கள் கிளைக்கும். நாம் எடுக்கப்போகும் உருண்டைக்குள்ளேயே மரம் தன் வாயைத் தயாராக்கிக்கொள்ளும். மண் ஈரமாக இருக்க வேண்டும். சகதியாக இருந்தால் உருண்டை உடைந்துவிடும்.

செடி நகர்த்துவதில் இந்தக் காத்திருப்புக்கு ஒரு பெரிய சரித்திரக் கதை உண்டு. 1787இல் பவுண்டி என்ற ஆங்கிலேயக் கப்பல் ஈரப்பலாக் கன்றுகளை மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டுபோகத் தஹிதி தீவுக்குக் கிளம்பியது. கேப்டன் வில்லியம் பிளை. கன்றுகள் தொட்டிகளில் நன்றாக வேர் பிடிக்கும்வரை ஐந்து மாதம் அங்கேயே தங்கினார்கள். 1,015 கன்றுகளோடு 1789 ஏப்ரலில் கிளம்பினார்கள், அதே மாதம் மாலுமிகள் கலகம் செய்தார்கள், கேப்டனைப் படகில் இறக்கிவிட்டார்கள், கன்றுகள் கடலில் போயின. ஐந்து மாதத் தீவு வாழ்க்கையும் கலகத்துக்கு ஒரு காரணம் என்பவர்கள் உண்டு. அதே பிளை மறுபடியும் வேறொரு கப்பலில் போய் 1793இல் செயின்ட் வின்சென்ட்டிலும் ஜமைக்காவிலும் கன்றுகளைக் கொண்டுபோய் இறக்கினார். அந்தப் பிடிவாதத்தை என்னவென்று சொல்ல. கொய்யாவுக்காக நான் காத்திருந்த நாட்களில் என் வீட்டில் கலகம் நடக்காதது அதிர்ஷ்டம்தான். மூட்டை கட்டிய சாமான்களுக்கு நடுவே, செடிக்காகக் காலி செய்யும் தேதியைத் தள்ளிப்போடும் ஒரு மனிதனை என் மனைவி பொறுத்துக்கொண்டார்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு சாயங்காலம் தூக்கினோம். கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்பி, ஈரச் சாக்கை உள்ளே தள்ளி, உருண்டையைச் சாக்கோடு சேர்த்துச் சணலில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினோம். கூட வந்த பையன் தண்டைப் பிடித்து இழுக்கப் போனான். அதை மட்டும் செய்யக் கூடாது. தண்டைப் பிடித்துத் தூக்கினால் உருண்டையின் எடை முழுவதும் வேர்கள் பிரியும் இடத்தில் தொங்கி, மண் கழன்றுவிடும். எப்போதும் அடியில்தான் கை. மேற்குப் பார்த்த பக்கத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, புது இடத்திலும் அதே திசையில் வைக்கச் சொன்னார் மாமா. வெயிலுக்குப் பழகாத பட்டையைத் திடீரென்று மேற்கு வெயிலில் காட்டினால் வெந்துபோகும். இலையைப் பாதி வெட்டிவிடச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. புது வேர் விடச் சோறு போடுவதே இலைதான். பிஞ்சுகளையும் இளந்தளிர்களையும் மட்டும் கிள்ளிவிட்டு, இரண்டு வாரத்துக்கும் மேல் பச்சை வலையின் நிழலில் வைத்தேன். முதல் பிஞ்சைக் கிள்ளும்போது வலித்தது உண்மை.

கொய்யா பிழைத்ததில் என் திறமை கொஞ்சம்தான். அது பதியக் கன்று, அதாவது தாய் மரத்தின் கிளையிலேயே வேர் விட வைத்துப் பிரித்தெடுத்தது. விதையில் முளைத்த மரத்துக்கு இருப்பது போன்ற ஆணிவேர் அதற்குக் கிடையாது, எல்லாம் பக்கவேர்கள். அறுந்துபோக நடுவில் ஒரு பெரிய வேர் இல்லாததால் நகர்த்தினாலும் சுதாரித்துக்கொள்ளும். மாங்கொட்டையில் முளைத்து மண்ணிலேயே சில வருடம் இருந்த மரத்தை இப்படித் தூக்கியிருந்தால் கதை வேறு. பப்பாளியைப் பெயர்க்க நினைப்பதே வீண், புதிதாக விதை போட்டுவிட்டுப் போய்விடலாம்.

சாமான்கள் ஒரு வண்டியில் போயின. மரங்களுக்குத் தனியாக ஒரு குட்டி யானை பிடித்து, கிளைகளைச் சேர்த்துக் கட்டி, மேலே நனைத்த சாக்குப் போர்த்தி, வெயில் இறங்கிய பிறகு கிளம்பினோம். திறந்த வண்டியில் அடிக்கும் காற்று வெயிலை விட மோசம், இலையை உலர்த்தி எடுத்துவிடும். டிரைவர் "இதுக்கெல்லாமா சார் வண்டி?" என்று கேட்டவர், போகும் வழியெல்லாம் ஊரில் தன் அம்மா வளர்க்கும் எலுமிச்சையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்.

மாடியின் கணக்கு

புது வீட்டில் மண் கிடையாது, மொட்டை மாடிதான். 200 லிட்டர் நீல டிரம்மை இரண்டாக அறுத்தால் ஆளுக்கு 100 லிட்டர். கொய்யா, எலுமிச்சை, மாதுளை, அப்புறம் ஒரு அம்ரபாலி மா. மாமாவின் எதிர்ப்பில் எடையும் ஒரு பகுதி, அதில் அவர் சொல்வது சரி. ஈரமான கலவையோடு அரை டிரம் 120 கிலோவைச் சுலபமாகத் தாண்டும். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்திய தர நிர்ணயம் வைத்திருக்கும் பாரக் கணக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. டிரம்மின் அடிப்பகுதியோ கால் சதுர மீட்டரை ஒட்டித்தான் வரும், அந்தக் கணக்கில் அவ்வளவு இடத்துக்கு 40 கிலோதான். நடு மாடியில் அழகாக வரிசை கட்டினால் கீழ் வீட்டுக்காரர் ஒரு நாள் மேலே வருவார். சுவரையும் பீமையும் ஒட்டி, ஒன்றுக்கொன்று தள்ளித்தான் வைக்க வேண்டும். அடியில் செங்கல் கொடுத்துத் தூக்கி வைத்தால் தளம் காயும், கசிவு இருந்தால் கண்ணில் படும்.

கலவை விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதற்கு ஆளுக்கொரு செய்முறை இருக்கிறது. வெறும் தோட்டத்து மண்ணை டிரம்மில் நிரப்பினால் சில மாதத்தில் இறுகிவிடும். செம்மண், கழுவிய தென்னை நார்க்கழிவு, மக்கிய எரு, ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு. கழுவாத நார்க்கழிவில் உப்பு இருக்கும், சென்னை போர் தண்ணீரில் இருக்கிற உப்பு போதாதா? மண்ணில் இருக்கும் மரத்துக்கு உப்பு ஆழத்துக்கு இறங்கிப் போய்விடும், டிரம்மில் அங்கேயே தங்கும். மாவின் இலை நுனி கருகினால் முதலில் உரத்தைச் சந்தேகிக்காமல் தண்ணீரைச் சந்தேகியுங்கள். ஐப்பசி மழை ஒன்று நன்றாக இறங்கி டிரம்மை அலசிக்கொண்டு போனால், அதற்கு இணையான வைத்தியம் கடையில் இல்லை.

ஆனால் ஓட்டாஞ்சில்லு பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அடியில் ஒரு கை உயரத்துக்கு ஜல்லியோ உடைந்த ஓடோ பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் பரப்பியிருக்கிறேன். நடப்பது நேர்மாறு. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள ஜல்லிக்குத் தண்ணீர் லேசில் இறங்காது. மண் தன் அடிப்பாகம் முழுவதும் ஊறும்வரை பிடித்து வைத்துக்கொண்டு, அதற்கு மேல் தாங்காமல்தான் கீழே விடும். ஜல்லி இல்லாவிட்டாலும் டிரம்மின் அடியில் இந்த ஈரப் பட்டை இருக்கும். ஜல்லி போட்டால் அதே பட்டை மேலே ஏறி வேருக்கு நெருக்கமாக வருகிறது, மண்ணின் உயரமும் குறைகிறது. துளையை மண் அடைக்காமலிருக்க ஒரு ஓட்டுச் சில் போதும். சின்னக் கன்றை நேராகப் பெரிய டிரம்மில் வைக்கக் கூடாது என்பதும் இதனால்தான். வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து புளித்துப்போகும்.

மாமா மாடிக்கு வந்தார்

எல்லாம் சில வருடம் நன்றாகத்தான் போனது. பிறகு எலுமிச்சை மக்கர் செய்ய ஆரம்பித்தது. பெரியகுளம் ரகக் கன்று, கொத்துக் கொத்தாகக் காய்த்த மரம். இலை நரம்பு பச்சையாகவும் நடுவில் மஞ்சளாகவும் மாறியது, பூ வைத்தது, பிஞ்சு கடுகளவிலேயே உதிர்ந்தது. பக்கத்து மாடித் தோட்டக்காரர்கள் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். இரும்புச் சத்து, எப்சம் உப்பு, தேமோர் கரைசல், மீன் அமிலம். மீன் அமில வாரத்தில் என் வீட்டுக்கு யாரும் வரவில்லை. ஒன்றுக்கும் மரம் அசையவில்லை. இன்னும் பெரிய டிரம்முக்கு மாற்றினால் சரியாகிவிடும் என்பதுதான் பெரும்பாலோரின் முடிவு. முழு டிரம் வாங்க நான் விலை கூட விசாரித்துவிட்டேன்.

அந்த ஆவணியில் ஒரு கல்யாணத்துக்காக மாமா சென்னை வந்தார். சாப்பிட்டுவிட்டு வெற்றிலையோடு மாடிக்கு ஏறினார். கொய்யாவைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அவரிடம் அது பாராட்டு. எலுமிச்சை முன்னால் நின்றார். கீழே கிடந்த ஒரு கம்பியை எடுத்து மண்ணில் குத்தினார், இறங்கவில்லை. ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி மேலே ஊற்றினார். ஊற்றி முடிப்பதற்குள் அடித்துளையில் தண்ணீர் ஓட ஆரம்பித்தது. நான் நல்ல வடிகால் என்று அதுவரை பெருமைப்பட்ட விஷயம் அது.

"பாத்தியா மாப்ள? உன் தண்ணி செடிக்குப் போகல, நேரா ஓட்டைக்குப் போகுது. படுக்கப் போடு இதை."

இருவருமாக டிரம்மைச் சாய்த்துப் படுக்க வைத்தோம். அவர் காலால் டிரம்மின் பக்கங்களை மெதுவாக மிதித்து உருட்டினார், நான் தூரின் அடியில் கை கொடுத்து இழுத்தேன். வெளியே வந்தது டிரம்மின் அச்சு. டிரம்மின் உடம்பில் வளையம் வளையமாக இருக்கும் வரம்புகள் கூட வேரில் பதிந்திருந்தன. அடியில் விரல் தடிமன் வேர்கள் சும்மாடு கட்டியது போலச் சுற்றிச் சுற்றிப் படிந்திருந்தன. உள்ளே மண் என்று சொல்ல அதிகம் இல்லை, நார்க்கழிவு மக்கிப்போய் அந்த இடத்தையும் வேரே பிடித்திருந்தது. தண்ணீர் அந்தக் கட்டிக்குள் நுழைய வழியில்லாமல், வேருக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே வழுக்கிக் கீழே போய்க்கொண்டிருந்தது. சத்து கொடுத்து என்ன பயன்? அதுவும் அதே வழியில்தான் போயிருக்கும்.

"அரிவாள் இருக்கா?"

தேங்காய் உடைக்கும் அரிவாள்தான் இருந்தது. அதை வாங்கி, யோசிக்காமல் அடியில் மூன்றில் ஒரு பங்கை வெட்டித் தள்ளினார். பிறகு பக்கவாட்டில் மேலிருந்து கீழாகக் கீறல்கள் போட்டு, வெளிச்சுற்று வேரை இரண்டு விரல் கனத்துக்குச் சீவினார். என் வயிற்றைப் பிசைந்தது. வேரை வெட்டுவது என்றால் நம் பேச்சில் அது சாபத்துக்குச் சமம். போதும் மாமா, செத்துவிடும் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"தோப்புல வருசா வருசம் உழவு ஓட்டுறோம். கொழு முனையில எத்தனை வேர் அறுபடுதுன்னு நினைக்கிற? அறுந்தாத்தான் புதுசு விடும். மண்ணுல இருக்கிற மரம்னா அது பாட்டுக்கு ஓடித் தண்ணி தேடிக்கும். இங்க எங்க ஓடும், சுத்தித்தானே வரும்? நீதான் வெட்டி விடணும். அது முடியாதுன்னுதான் அன்னைக்கே பாவம்னு சொன்னேன்."

நான் அத்தனை நாள் விவாதம் செய்துகொண்டிருந்தது வேறு எதனோடோ. டிரம் சின்னது, மரம் பெரியது, அதனால் பாவம் என்று அவர் சொன்னதாக எடுத்துக்கொண்டு, இதோ பார் எவ்வளவு காய்க்கிறது என்று மனதுக்குள் பதில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் அளவைப் பற்றிப் பேசவே இல்லை. வைத்தவன் வேரைப் பார்க்க மாட்டான் என்பதுதான் அவருடைய எதிர்ப்பு. என்னைச் சுற்றியிருந்த மாடித் தோட்டங்களை நினைத்துப் பார்த்தால், அவர் கணிப்பு பெரும்பாலும் சரி. உரம், கரைசல், ரகம், பூச்சி என்று மண்ணுக்கு மேலே நடப்பதைப் பற்றி நாள் முழுக்கப் பேசுகிறோம். டிரம்முக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கவிழ்த்துப் பார்ப்பதில்லை. பெரிய டிரம்முக்கு மாற்றியிருந்தால் அந்தச் சுருள் அப்படியே உள்ளே இருக்க, வெளியே கொஞ்சம் புது வேர் ஓடி, அதுவும் சுவரைத் தொட்டுத் திரும்பியிருக்கும். சில வருடம் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். எடையோ இரட்டிப்பாகியிருக்கும்.

வெட்டிய எலுமிச்சையை அதே டிரம்மில், புதுக் கலவையில், அதே உயரத்தில் வைத்தோம். வேரில் குறைத்த அளவுக்குக் கிளையிலும் குறைத்தார், இருந்த காய்களைப் பறித்துவிட்டார். நிழல், மூடாக்கு, அளவான தண்ணீர், உரம் எதுவும் கூடாது. கொஞ்ச காலம் அது குச்சியாகவே நின்றது. ஐப்பசி மழையில் தளிர் விட்டது.

நர்சரிக் கன்று வாங்கும்போதும் இதே விஷயம்தான். கறுப்புக் கவரில் அதிக நாள் இருந்த கன்றின் அடியில் சுருள் இருக்கும். அதை வெட்டாமல் தரையில் நட்டால், மரமான பிறகும் அந்தச் சுருள் அவிழாது. வேர் தடிக்கத் தடிக்க ஒன்றையொன்று நெரிக்கும், பிடிமானம் இருக்காது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்து போன மறுநாள், எங்கள் தெருவில் சாய்ந்து கிடந்த மரம் ஒன்றின் தூரில் கவரின் அளவுக்கே அந்த வட்டம் இருந்தது. அன்று அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மாமா வெட்டிய பிறகுதான் அது என்னவென்று புரிந்தது.

கழற்றக்கூடிய பெட்டி

பிறகு கொஞ்சம் தேடிப் படித்தேன். மகாராஷ்டிரத்தில் ஆரஞ்சு, மாதுளைத் தோட்டங்களில் பூ எடுப்பதற்காகத் தண்ணீரை நிறுத்தி, தூரைச் சுற்றி மண்ணைக் கிளறி வேரை வெளியே காட்டி, சல்லிவேரைக் கொஞ்சம் அறுத்தும் விடுவார்கள். பஹார் என்று பெயர். தொட்டி மரத்துக்கு இன்னும் பெரிய சாட்சி பிரான்சில் இருக்கிறது. வெர்சாய் அரண்மனையில் 14ஆம் லூயி மன்னருக்கு ஆரஞ்சுப் பித்து. அங்கே குளிர்காலத்தில் ஆரஞ்சு மரம் வெளியே பிழைக்காது. எனவே மரங்களைப் பெட்டிகளில் வளர்த்து, குளிரில் உள்ளே வைக்க 1684க்கும் 1686க்கும் இடையில் ஒரு பெரிய மண்டபமே கட்டினார்கள். இன்றும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் அங்கே பெட்டியில் இருக்கின்றன. ஆரஞ்சு, எலுமிச்சை, நம் மாதுளை, அரளி எல்லாம் உண்டு. சிலவற்றுக்கு வயது 200க்கும் மேல். இதில் என்னை நிறுத்தியது மன்னரோ மண்டபமோ இல்லை, அந்தப் பெட்டி. அதன் பக்கப் பலகைகளைக் கழற்றலாம். கழற்றி, வேரைப் பார்த்து, வெட்டி, மண் மாற்றி, மறுபடியும் பூட்டிவிடலாம். நம் டிரம்மில் அந்த வசதி இல்லை என்பதால் அந்த வேலையே இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம்.

என் அபிப்பிராயம் இப்போது இதுதான்: இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை டிரம்மைப் படுக்கப் போட்டு வேரை வெட்ட மனமும் ஆளும் இல்லாதவர்கள் மாடியில் பழமரம் வைக்க வேண்டாம். மல்லிகை வைக்கலாம், கீரை போடலாம். மாமா அளவுக்குப் பாவம் என்ற சொல்லுக்குப் போக மாட்டேன், ஆனால் பலன் இருக்காது.

வெட்டத் தயார் என்றால் எலுமிச்சை, மாதுளை, அத்தி, மல்பெரி ஆகியவற்றோடு சண்டையே இல்லை. கொய்யா கவாத்துக்கு அடங்கும். புதுக் கிளையில்தான் அது பூக்கும், வெட்ட வெட்ட லாபம். சப்போட்டா மெதுவாக வளர்வதே அதன் தகுதி. பலாவையும் நாவலையும் டிரம்மில் வைத்துப் படம் போடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஆசைப்பட்டு முளைக்க வைத்த ஒரு பலாக்கன்றை நான் நத்தத்துக்கே அனுப்பிவிட்டேன், தோப்பின் மூலையில் நிற்கிறது.

மா விஷயத்தில் மட்டும் மாமாவுக்கும் எனக்கும் இன்னும் முடியவில்லை. அம்ரபாலி, தசேரியும் நம் நீலமும் கலந்த கலப்பின ரகம், குட்டை மரம், வருடா வருடம் காய்க்கும், நெருக்கி நடுவதற்கு ஏற்றது என்று நான் வாதம் வைத்தால், "நீலத்தோட பிள்ளைன்னா அதுக்கும் வேர் ஓடத்தானே செய்யும்" என்கிறார். ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேலே தெரிகிறதா என்று மட்டும் போனில் மறக்காமல் கேட்பார். ஒருமுறை அதற்கு வேர் வெட்டியாயிற்று, நான்தான் வெட்டினேன், பிழைத்துக்கொண்டது, அடுத்த கோடையில் காயும் பிடித்தது. அதைச் சொன்னால் இளமரம் எதையும் தாங்கும், இன்னும் இரண்டு வெட்டு தாங்கட்டும், அப்புறம் பேசலாம் என்கிறார்.

இதற்கிடையில் இந்த வீட்டையும் காலி செய்யும் பேச்சு வந்திருக்கிறது. வீடு பார்க்கப் போகும்போது தண்ணீர், கரண்ட் எல்லாம் விசாரித்துவிட்டு, பாக்கெட்டிலிருந்து இன்ச் டேப்பை எடுத்து லிஃப்ட் கதவையும் மாடிக் கதவையும் அளக்கிறேன். பீரோ பெரிதா சார் என்று புரோக்கர் கேட்கிறார். ஆமாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மரம் என்று சொன்னால் வாடகையை ஏற்றிவிடுவார்கள்.